அறுந்து போகாத இணைப்பு

கணினி எந்த நாட்டின் வழியாக இணைகிறதோ, அந்த நாட்டுச் சட்டமே ஆளுக்கும் என்றாகிவிட்ட காலம் அது. ஒருவர் கையெழுத்திட்டாலே விவாகரத்து தரும் நாட்டுக்கு வி.பி.என். போட்டு, மரகதவல்லி மாடியில் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் அவளோடிருந்த பந்தத்தைத் தீர்த்துவிட்டிருந்தான் கணவன் பார்த்திபன்.

பத்தே நாளில் மடிக்கணினியோடு வந்து நின்றான். கூச்சமே இல்லை.

"பதினோரு மணிக்கு எனக்கும் இன்னொருத்திக்கும் ஆன்லைன்ல ரெஜிஸ்டர் கல்யாணம், வல்லி. அதே நாட்டுக்குப் போட்டுக் குடு. நான் போட்டா பாதியிலேயே அறுந்துடுது. இதெல்லாம் உனக்குத்தான் வரும்."

அவள் மடிக்கணினியை வாங்கிக்கொண்டாள். ஆத்திரத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"வேகமான கனெக்ஷன் வேணுமா, அறுந்து போகாதது வேணுமா?"

"வேகம் கிடக்கட்டும். நானே நினைச்சாலும் அறுந்து போகக் கூடாது."

அப்படியே போட்டுக் கொடுத்தாள். நாட்டை மட்டும் மாற்றினாள்.

பதினோரு மணிக்கு அவன் 'சம்மதம்' அழுத்தினான். திரை சொன்னது: 'இந்நாடு விவாகரத்தை ஏற்பதில்லை. மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்தால் ஏழாண்டுச் சிறை. காவலர் புறப்பட்டுவிட்டனர்.'

பார்த்திபன் கணினியை அணைத்துப் பார்த்தான், ஒயரைப் பிடுங்கினான். இணைப்பு அசையவில்லை.

"கட் பண்ணுடி!"

"நீங்களே நினைச்சாலும் முடியாதுங்க. அப்படித்தானே கேட்டீங்க?"

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு மரகதவல்லி கதவைத் திறக்கப் போனாள்.