பல்லைப் பார்க்காத வியாபாரி

மாட்டுச் சந்தையில் தரகரும் வியாபாரியும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள்.

"எனக்கு என்ன விலை?" என்று துண்டிடம் கேட்டது கிழக்காளை.

"போன வாரத்தைவிட நாலாயிரம் கூட."

கிழக்காளை பக்கத்திலிருந்த இளங்காளையிடம் திரும்பியது. "கேட்டியா தம்பி? உன் வாயைப் பிளந்து எத்தனை பேர் பல்லை எண்ணினாங்க! சுழி பார்த்தாங்க, நடக்கவிட்டுப் பார்த்தாங்க. என் தொடையை ஒரே ஒரு அமுக்கு, அவ்வளவுதான். உழைச்ச உடம்புக்கு மரியாதை அது."

இளங்காளை தலைகுனிந்தது. பல வருஷமாய்ப் பேரம் பார்த்த துண்டு நழுவித் தரகரின் தோளுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் இளங்காளையை ஒரு விவசாயி புதுக்கயிறு கட்டி நடத்திக் கூட்டிப்போனான். கிழக்காளையை லாரியில் ஏற்றி நெருக்கிக் கட்டினார்கள்.

"பார்த்தியா தம்பி," என்று மேலிருந்து கத்தியது அது, "என்னை நடக்கக்கூட விடலை!"