மேல் வீட்டுத் தண்ணீர்

பல் டாக்டரம்மா பேச்சை மாற்றியதுமே சர்வேயருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் நஷ்டத்தைப் பார்வையிட வந்தவர் அவர். எரிந்த கடை, மூழ்கிய கிடங்கு என்று பார்த்துப் பார்த்து, எதிரே யாராவது கண்ணீர் விட்டால்கூட அது சொந்தக் கண்ணீர்தானா என்று யோசிக்கிற ஆள். ஆபீசில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர்.

கிளினிக் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. கூரைப் பலகைகள் ஊறி, பெயர்ந்து, நோயாளி சாயும் நாற்காலியின் மேல் விழுந்திருந்தன. எக்ஸ்ரே மெஷின் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஓய்ந்து கிடந்தது. நாற்காலிக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை என்று ரிசப்ஷன் பெண் முணுமுணுத்தாள்.

மேல் வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகி எல்லாம் பாழாகிவிட்டது என்று நேற்று போனில் சொன்னது டாக்டரம்மாதான். இன்றும் முதலில் அதையேதான் சொன்னார்.

சர்வேயரும் வழக்கம்போல நடைமுறையை விளக்கினார். நஷ்டத்தைக் கம்பெனி கொடுத்துவிடும். அப்புறம் மேல் வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போகும். கொடுத்ததை அவரிடமிருந்து கம்பெனி வசூல் பண்ணிக்கொள்ளும். அதெல்லாம் அவர்கள் பாடு, டாக்டருக்கு ஒரு தலைவலியும் இல்லை.

"மேல் வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களா?"

"விசாரிக்காம? குழாயைத் திறந்தது யாரு, ஏன் மூடலைன்னு எல்லாம் கேப்பாங்க."

டாக்டரம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கதையே வேறாக இருந்தது. மேல் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். கிளினிக்குக்கு வருகிற பைப்தான் வெடித்துவிட்டதாம். பதற்றத்தில் போனில் மாற்றிச் சொல்லிவிட்டாராம்.

சர்வேயர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஏணியைக் கேட்டு வாங்கி ஏறினார். டார்ச் அடித்து, பைப்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தடவிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு மேலே இருந்த கான்கிரீட்தான் நசநசவென்று ஊறிக் கிடந்தது.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பைப் முழுசா இருக்கு டாக்டர். வெடிச்சது எந்த இடத்துல?"

டாக்டரம்மா கிளெய்ம் பாரத்தை இழுத்து மடித்தார்.

மெஷின் முன்னாடியே கெட்டுப் போயிருந்ததா? பழைய சாமானையெல்லாம் தண்ணீரில் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கப் பார்க்கிறாரா? சர்வேயரின் மனசு பழகின தடத்தில் ஓட ஆரம்பித்தது. மேலே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"மேலே போக வேண்டாம் சார்," என்று டாக்டரம்மா அவசரமாக எழுந்தார். "எனக்குக் கிளெய்மே வேண்டாம். வாபஸ் வாங்கிக்கறேன்."

"நீங்க வாங்கிக்கலாம். ஆனா பொய் சொல்லிக் கிளெய்ம் கேட்டாங்கன்னு நான் எழுத வேண்டிவரும். அப்புறம் எந்தக் கம்பெனியும் உங்களைச் சீந்தாது."

"எழுதிக்கோங்க."

இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. எத்தனை பெரிய தில்லுமுல்லு இருந்தால் இவ்வளவு சுலபமாகக் கையைக் கழுவுவார்! விட மனசு வரவில்லை. விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தவர், நேராக மாடிப்படி ஏறினார்.

கதவைத் திறந்த மேல் வீட்டுக்காரருக்குப் பல நாள் தூங்காத முகம். கீழே தண்ணீர் ஒழுகிய விஷயமாக வந்திருப்பதாகச் சர்வேயர் சொல்ல, அவர் உள்ளே அழைத்து உட்காரவைத்து, கேட்காமலே கொட்டினார்.

"நேத்து எனக்கு உயிரே போயிடுச்சுங்க. மருந்துக் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள வீடெல்லாம் தண்ணி. என் சம்சாரம்தான் குழாயைத் திறந்து விட்டுட்டான்னு நினைச்சேன். அவளுக்குக் கொஞ்ச நாளா எதுவும் ஞாபகம் நிக்கறதில்லை. போன மாசம் அடுப்பை அணைக்காம விட்டுட்டா. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்தே ஆகணும்னு மக கண்டிஷனா சொல்லிட்டா. அவளை அங்க விட்டுட்டு நான் மட்டும் இங்க என்னங்க பண்றது?"

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். சமாளித்துக்கொண்டார்.

"நல்லவேளை, டாக்டரம்மா எனக்கு முன்னாடியே ஓடி வந்திருந்தாங்க. தரையைத் துடைச்சுக்கிட்டே, 'அம்மா மேல தப்பு ஒண்ணும் இல்லைங்க, உங்க வீட்டு வழியா என் கிளினிக்குக்கு இறங்கற பைப்தான் வெடிச்சிருச்சு, உங்களுக்குத்தான் தொந்தரவு'ன்னு என்கிட்டே மன்னிப்பு வேற கேட்டாங்க. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

உள்ளே சமையலறையில் அவர் மனைவி குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை எதற்குத் திறந்தோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவர் எழுந்து போய்க் குழாயை மூடினார். அவளுடைய ஈரக் கையைத் தன் துண்டால் துடைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்.

"என் பாட்டையே பாடிக்கிட்டிருக்கேன். நீங்க யாருன்னு கேக்கவே இல்லை பாருங்க," என்றார்.

சர்வேயர் சட்டைப் பையில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டார்.

"பிளம்பருங்க. கையை எடுத்தா தானா மூடிக்கிற குழாய் ஒண்ணு இருக்கு, அதை உங்க வீட்டுக்கும் மாட்டிக் கொடுக்கச் சொல்லி டாக்டரம்மாதான் அனுப்பினாங்க."