ஜன்னல் இல்லாத குளியலறை

"என்னென்ன சொல்லி வித்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் வக்கீல்.

கடையில் எனக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டேனாம். வக்கீல் அறையில் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் சொன்னேன்.

உலகத்திலேயே இதைவிட நல்ல கேஸ் கீசர் கிடையாது என்றேன். குழாயைத் திறந்தால் வெந்நீர் அருவி கொட்டும் என்றேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓடும் என்றேன். ஐயோ, அவ்வளவு வருஷமா என்று வாங்க வந்த அந்தப் பெண் சிரித்தாள்.

வக்கீலும் சிரித்தார். இதெல்லாம் வியாபாரப் பேச்சு, இதை நம்பி ஏமாந்தேன் என்று எவனும் கோர்ட்டில் வந்து நிற்க முடியாது என்றார்.

பிறகு புகார் மனுவைப் புரட்டினார். சிரிப்பு போய்விட்டது.

அவள் என்னிடம் கேட்டதை, அன்று கூட வந்திருந்த அவள் கணவன் வார்த்தை மாறாமல் எழுதியிருந்தான். கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆன ஜோடி.

"எங்க பாத்ரூம்ல ஜன்னலே இல்லண்ணா. உள்ளேயே மாட்டலாமா?"

தாராளமா மாட்டலாம்மா என்று சொல்லிவிட்டேன். அந்த வாரத்துக்குள் அந்த மாடலைக் காலி செய்யச் சொல்லி முதலாளி உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. கேஸ் எரிந்து கீசர் விட்ட விஷக்காற்று வெளியே போக வழியில்லை. கதவை உடைத்துப் பிணமாகத்தான் தூக்கியிருக்கிறார்கள்.

இப்போது கடையில் யார் அண்ணா என்று கூப்பிட்டாலும் அவளோ என்று திரும்பிப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். வழக்கே இந்த ஒரு பதிலில்தான் நிற்கிறது என்றார். தெரியாமல் சொல்லியிருந்தால் நஷ்டஈட்டோடு போகும். ஆபத்து என்று தெரிந்தே சொல்லியிருந்தால் அது மோசடி, ஜெயில்தான்.

சத்தியமா தெரியாது சார் என்றேன்.

அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

என் வீட்டிலும் இதே மாடல்தான், நாலு வருஷமாக என் மகள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறாள் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பில்லைக்கூடக் கையோடு எடுத்துப் போயிருந்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெற்ற பெண்ணுக்கே மாட்டிக் கொடுத்தவன் தெரிந்து பொய் சொல்லியிருப்பானா, ஜட்ஜே கேட்பார் என்றபடி பேனாவை மூடினார்.

எங்கே மாட்டியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

பின்பக்கச் சுவரில், வெட்டவெளியில். வாங்கிய அன்றைக்கு எங்கள் குளியலறைக்குள் மாட்டப் போன ஆளின் கையை எட்டிப் பிடித்தது நான்தான். உள்ளே மாட்டினா என் புள்ள செத்துருவாடா என்று அவனிடம் கத்தினேன்.