கந்தோர்க்காரரின் மகளுக்கு

சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள். நாளைக் காலை தேவாலயத்தில் பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் 'முதல் நன்மை'. இனி வேறு நாள் இல்லை.

இந்திரகுமார் தனியாகத்தான் வர நினைத்திருந்தான். சிட்னியின் லிட்கம் ஸ்டேஷனுக்குப் புறப்படும்போது தேவராஜா சப்பாத்தை மாட்டிக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னான். மாமாவின் மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதமாக இவன் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கந்தோரில் கூட வேலை செய்பவரின் மகளுக்கு ஒரு பரிசு வாங்க வேண்டும் என்று ரயிலிலேயே சொல்லி வைத்தான்.

கடை என்றால், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவி, பிள்ளை உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று கேட்டாள். தெரிந்தவரின் பிள்ளை என்றான் இந்திரகுமார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். சிலுவை கோத்த இந்தச் சங்கிலி பெரும்பாலும் தகப்பன்மார் வாங்குவது. தெரிந்தவர்கள் என்றால் ஒரு சின்னப் படம் போதும், பிள்ளைகள் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிச் சங்கிலி. சிலுவை சுண்டுவிரல் நகத்தளவு. அவனால் கொடுக்கக்கூடிய விலைதான்.

இந்திரகுமார் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். தேவராஜா இவனைப் பார்த்தான்.

"ஆரோ ஒருத்தன்ர பிள்ளைக்கு ஏன் மச்சான் இவ்வளவு யோசிக்கிறாய்?"

சும்மாதான் பார்த்தேன் என்று சொல்லிச் சங்கிலியைத் திரும்ப வைத்தான்.

பயப்படக் காரணம் இருந்தது. மனைவி இரஞ்சிதம் வேதக்காரர் வீட்டுப் பெண். ஊரில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிய பிறகுதான் அம்மா அவளை வீட்டுக்குள் எடுத்தார். இப்போது தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்திரகுமார் சிட்னியில் சிலுவை வாங்கிக்கொண்டு திரிகிறான் என்று ஒரு ஏரோகிராம் போனால் போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

தேவராஜாவோ கிழமை தவறாமல், வாரம் ஒரு கடிதம் ஊருக்கு எழுதுகிறவன். வாயும் கொஞ்சம் நீளம். இப்போதுகூட ஒரு செபமாலையைத் தூக்கிப் பிடித்து, எங்கள் உருத்திராட்ச மாலையில் பாதிக் கொட்டையைக் குறைத்துவிட்டார்களே என்று சிரித்தான்.

இந்திரகுமாரும் சிரித்தான். சிரித்ததற்கு வெட்கப்பட்டான்.

படங்களைப் புரட்டினான். ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த யேசு. ஓரத்தில் தங்க நிறக் கோடு. சில்லறையைப் பொறுக்கிக் கொடுத்தபோது கிழவியின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கும் மச்சானுக்கும் பயந்து ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இது தாராளம், என்ன பெரிய உறவா என்று தேவராஜாவுக்குக் கேட்கும்படி சொன்னான்.

கிழவி படத்தைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தாள். இந்திரகுமார் வாசல் பக்கம் திரும்பினான்.

தேவராஜா வரவில்லை. மேசைக்கு முன்னால் நின்று, அந்தச் சங்கிலியை விரலால் காட்டி, மணிபர்ஸைத் திறந்துகொண்டிருந்தான். போன கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவன்.

"மருமகளுக்கு இதை நான் வாங்குறன் மச்சான். நீ உந்தப் படத்தைக் கொண்டுபோய் உன்ர கந்தோர்க்காரன்ர பிள்ளைக்குக் குடு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று இந்திரகுமாருக்குத் தோன்றியது.

மகள் ராதா நன்மைக்கு உடுக்கும் வெள்ளைச் சட்டை மூன்று கிழமையாகத் தேவராஜா படுக்கிற அறை அலுமாரியில்தான் தொங்குகிறது. இரஞ்சிதம் அதைப் பழைய சேலை ஒன்றால் மூடி வைத்திருந்தாள்.

சங்கிலிப் பெட்டியின் மேல் எழுத வேண்டும், பிள்ளையின் பெயர் என்ன என்று கிழவி கேட்டாள். இந்திரகுமாரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அவன் கையிலிருந்த கடதாசிப் பையைப் பார்த்தான்.

மகளின் பெயரைத் தேவராஜாதான் சொன்னான். தெரேசா ராதா என்று, ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து.