சிப்பியக்காவின் ஸ்தோத்திரம்

மணலில் வளை தோண்டிக் குடியிருந்த நண்டாருக்கு, பக்கத்துப் பாறையில் ஒட்டியிருந்த சிப்பியக்காவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வருகிற அலையெல்லாம் அவள் முகத்தில்தான் அறையும். அறை விழுந்ததும், "ஸ்தோத்திரம்!" என்பாள். அது 'ஐயோ' மாதிரி ஒரு வலிச் சொல் என்றே நண்டார் நினைத்திருந்தார்.

"ரொம்ப வலிக்குதாக்கா? பேசாம மணலுக்கு வந்திடுங்க. தோண்டினா வீடு!"

"இருக்கட்டும் தம்பி. எனக்கு இந்தக் கன்மலை போதும்."

ஐப்பசியில் புயல் அடித்தது. முதல் அலையிலேயே வளை போன இடம் தெரியவில்லை. உருண்டு புரண்ட நண்டார் எப்படியோ பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டார். அடுத்த அலை பனை உயரத்துக்கு எழும்பி வந்து முதுகில் இடித்தது. தொலைந்தோம் என்று கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அலை திரும்பிப் போனது. பாறை அசையவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினார் நண்டார்.

தம்பிக்கு அது வலிச் சொல் ஆயிற்றே என்று சிப்பியக்கா பதறிப்போனாள். "ரொம்ப வலிக்குதா தம்பி?"

"இல்லக்கா," என்றார் நண்டார். "நான் இன்னும் இங்கேயே இருக்கேன்."