கிளம்பாத மோரிஸ் மைனர்

துருப்பிடித்துக் கிடந்த பழைய மோரிஸ் மைனர் காரை நான்கு வருடம் உழைத்துப் புதுசாக்கியிருந்தார் பெங்களூர் பிரேசர் டவுன் சவரிமுத்து. இப்போது, பழைய கார் சேகரிப்பவர்களுக்கு விற்பதாகப் பேப்பரில் விளம்பரமும் கொடுத்துவிட்டார்.

பார்க்க வந்த மஞ்சுநாத் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை.

"காலையில நல்லா ஓடிச்சு சார்," என்றார் சவரிமுத்து. முன்பு வந்த இருவரிடமும் அதையேதான் சொன்னார். அவர்கள் போனபின் ஒரே திருப்பில் கிளம்பியது வண்டி.

"பரவால்ல, ரெடி பண்ணிட்டு போன் மாடி," என்று கன்னடம் கலந்து போன் பண்ணச் சொல்லிவிட்டு மஞ்சுநாத் விடைபெற்றார்.

"இந்தத் தகர டப்பாவை எப்பத்தான் தொலைக்கப் போறீங்க?" உள்ளேயிருந்து மனைவி ஃபிலோமினா வழக்கம்போல் கத்தினாள்.

சவரிமுத்து பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருக்க வேண்டிய ரோட்டரைக் காணோம். அந்தச் சின்னத் துண்டு இல்லாமல் வண்டி கிளம்பாது.

வெளியே வந்த ஃபிலோமினா, முந்தானை முடிச்சை அவிழ்த்து ரோட்டரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீயா? விக்கச் சொல்லி தினமும் சண்டை போட்டதே நீதானே?"

"நம்ம புள்ள ஜெரோமைப் புதைச்சுட்டு வந்ததுலேர்ந்து நீங்க எங்கிட்ட வாயே தொறக்கல. வண்டியைத் திட்டினா மட்டும்தான் பதிலுக்குச் சண்டைக்கு வந்தீங்க. அதுக்குத்தான் திட்டினேன். நெஜமாவே விப்பீங்கன்னு நெனைக்கல. அதான் ஆள் வரும்போதெல்லாம் இதைக் கழட்டிட்டு, போனதும் மாட்டி வெச்சேன்."

சவரிமுத்து ரோட்டரை மாட்டினார். மூடியை அழுத்திவிட்டு, பானெட்டின் புதுப் பெயிண்டைத் துணியால் துடைத்தார்.

"இந்தக் கலர் ஜெரோமுக்குப் பிடிச்சிருக்குமா, ஃபிலோ?" என்று கேட்டார்.