கயிற்றின் மறுமுனை

கயிறு என் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது.

அதன் மறுமுனை தங்கையின் இடுப்பில். அவள் கடலடியில், மூழ்கிப்போன கொள்ளைக் கப்பலுக்குள்.

ஒருமுறை இழுத்தேன். நலமா?

காத்திருந்தேன். கீழிருந்து ஒருமுறை இழுப்பு வந்தது. நலம்.

கப்பலுக்குள் நுழைகிறவர்களோடு பேச எங்களுக்கு இருப்பது இந்தக் கயிறு மட்டும்தான். ஒன்று என்றால் நலம். இரண்டு என்றால் கயிற்றை விடு. நான்கு என்றால் மேலே தூக்கு. மூன்று கிடையாது. பதறும் கைக்கு இரண்டும் மூன்றும் ஒன்றாகத் தெரியும்.

நானும் முன்பு முக்குளித்தவள்தான். கலங்கிய நீரில் ஒருநாள் வழி தெரியாமல் சுற்றியதோடு சரி. அதன்பின் முகமூடியை மாட்டினாலே நெஞ்சு அடைக்கும். என்னைக் கயிறு பிடிக்க வைத்தவள் தங்கைதான். “பயந்தவங்கதான் இதுக்கு லாயக்கு. தைரியசாலி தூங்கிடுவான்” என்று எல்லோர் முன்பும் சிரித்தாள்.

இன்று காலை சிரிக்கவில்லை. உள்ளே போகாதே என்றேன். உன் பயத்தை என் தலையில் கட்டாதே என்றாள். கயிற்றின் கொக்கியை அவள் இடுப்பில் மாட்டிவிட்டபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

முந்நூறு வருடம் மணல் மூடிவைத்திருந்த கப்பல் அது. சென்ற புயலில் மணல் விலகி, யாரோ ஒரு மீனவரின் வலை பீரங்கியில் சிக்கியது. பீரங்கிகள் கிடைத்தன. எல்லோரும் எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. போன வாரம் கீழ்த்தளத்துக்கு இறங்கும் கதவு கிடைத்தது.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போடப்பட்டிருந்தது.

கப்பல் மூழ்கும்போது கொள்ளையர்கள் படகுகளில் ஏறித் தப்பிவிட்டார்கள். தலைவன் மட்டும் பிறகு பிடிபட்டான். தூக்கிலிடும் முன் கீழே என்ன இருந்தது என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். சரக்கு என்றானாம். மனிதர்களையும் பிடித்து விற்றவன் அவன். பழைய விசாரணைக் குறிப்பில் அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இன்று அந்தக் கதவைத் திறக்கத்தான் தங்கை போயிருக்கிறாள்.

மறுபடி இழுத்தேன். பதில் வந்தது. மிக மெல்ல.

தங்கையின் இழுப்பு எனக்குத் தெரியும். ‘உயிரோடதான் இருக்கேன், ஆளை விடு’ என்பதுபோல வெடுக்கென்று இருக்கும். இது அப்படி இல்லை. சிறுவயதில் இருட்டில் என்னோடு நடக்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்துத் தயங்கித் தயங்கி இழுப்பாள். அப்படி இருந்தது.

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு இழுப்பு. விட்டேன். கயிறு விரல்களுக்கிடையே வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய அறையா அது?

படகோட்டி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிலிண்டரில் காற்று தீரும் நேரம். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர், மறுபடி கடிகாரத்தையே பார்த்தார்.

நலமா? நலம்.

நலமா? நலம்.

பயத்துக்குப் பதில் போதாது. ஒன்று வந்ததும் அடுத்த கேள்வியை நீட்டும். ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மூச்சு விட்டேன். அவள் பதில் சொல்கிறவரை அவசரப்பட்டுத் தூக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகின் மறுபக்கம் தண்ணீர் பிளந்தது.

தங்கை. முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏணியைப் பற்றினாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. படகோட்டி பாய்ந்து அவளை உள்ளே இழுத்துப் போட்டார்.

“என்னம்மா, வழி மாறி வர்றே? அக்கா அந்தப் பக்கம் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.”

அவள் இருமினாள். சிரிக்கப் பார்த்தாள். மறுபடி இருமினாள்.

“கதவைத் திறந்ததும் ஒரே சேறு, கண்ணே தெரியலை. கயிறு எதுலயோ சிக்கிக்கிச்சு. திட்டாதே அக்கா, கழட்டி விட்டுட்டேன். தடவித் தடவிப் பக்கவாட்டு ஓட்டை வழியா வந்தேன்.”

கயிற்றைக் கழற்றுவது எங்கள் தொழிலில் யாரும் செய்யக்கூடாத காரியம். அதைச் சொல்ல வேண்டிய வாய் வேறொன்றைக் கேட்டது.

“எப்ப கழட்டினே?”

“அப்பவே. உள்ள போனதுமே.”

நீர் சொட்டச் சொட்ட அவள் என் காலடியில் கிடந்தாள். இடுப்புப் பட்டையில் வெறும் வளையம். அவள் வந்துவிட்டாள். நான் கேட்டது அவ்வளவுதான். கை நீட்டி அவள் தலையைத் தொட்டேன். சூடாக, நிஜமாக இருந்தது.

இன்னொரு கையில் கயிறு இருந்தது. கீழே வைக்க முடியவில்லை.

கடல் தகடுபோலக் கிடந்தது. ஒரு நெளிவு இல்லை.

“அதைச் சுருட்டுங்கம்மா, கிளம்பலாம்” என்றார் படகோட்டி.

கயிறு அசைந்தது.

ஒன்று. இரண்டு.

தங்கை தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தாள்.

மூன்று.

சட்டை நுனியைப் பிடித்து இழுப்பதுபோல, தயங்கித் தயங்கி.

நான்கு.